கச்சி சேரின் டிசம்பர்

டிசம்பர் வந்தால் ஊருக்கெல்லாம் மழை. பிரதேச செயலகத்தில் சுயதொழில் உதவிகளைக் கவனிக்கும் கச்சிமுகம்மதுவுக்கு மட்டும் காய்ச்சல். காரணம் திறைசேரி. வரவு செலவுத் திட்டத்தில் தொழில்வாய்ப்புக்கென்று ஒதுக்கிய பணம் கொழும்பில் கிளம்பி, மேசை மேசையாய் இளைப்பாறி, இந்தக் கிழக்குக் கரைக்கு வந்துசேர ஒக்டோபர் ஆகிவிடும். டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் செலவழியாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். “கட்டார்ல இரிந்து லீவுல வந்த மாப்பிள்ள மாதிரி. இறங்கின அண்டே திரும்பிப் போற திகதியச் சொல்லும்” என்பார், எல்லோரும் ‘கச்சி சேர்’ என்று அழைக்கும் அந்த மனிதர்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கறுப்பு ஹெல்மட், பழைய மோட்டார் சைக்கிள், மழைக்குப் பொலித்தீன் சுற்றிய ஒரு ரெக்சின் பை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பில்லில் முத்திரை இல்லையென்று உதவியாகக் கொடுக்கவிருந்த ஆட்டுக்குட்டிகளுக்கான பணம் திரும்பிப் போயிற்று. மூன்று நாள் மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. விசாரித்த அயலவர்களுக்கு மனைவி நஸ்லியா, “ஒபிஸ்ல ஆரோ மௌத்தாம்” என்று ஒரு சாவைச் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து ஒரு சதத்தையும் திரும்ப விடுவதில்லை என்று பிடிவாதம். எரிந்து விழுவார், பிறகு தானே போய்த் தேநீர் வாங்கிக் கொடுப்பார். அலுவலகத்தில் அவரைத் திட்டாதவரும் இல்லை, அவர் லீவு எடுத்தால் தேடாதவரும் இல்லை.

இந்த வருடம் அவருடைய மனதில் ஏறி உட்கார்ந்தது பாலமுனைச் சுபைறாவின் விண்ணப்பம். கணவர் மௌத்தான பிறகு சுபைறா அரிசிமா வறுத்து ஹோட்டல்களுக்குக் கொடுத்து வந்தாள். ஊறிய அரிசியை ஓட்டோவில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று, கரண்ட் போனால் புளித்த அரிசியோடு திரும்புவாள். சொந்தமாக ஓர் அரைக்கும் மெசின் இருந்தால் இன்னும் இரண்டு பெண்களுக்கு வேலை கொடுப்பேன் என்று எழுதியிருந்தாள். மேலிடத்துப் பட்டியலிலோ வழக்கம்போலத் தையல் மெசின்தான் இருந்தது. “அந்த ஊர்ல உடுக்கிற ஆக்கள விடத் தைக்கிற மெசின் கூட” என்று சண்டை பிடித்து, பட்டியலில் அதை அரைக்கும் மெசினாக மாற்ற வைத்தார்.

எல்லாம் சரியாக வந்த இடத்தில் அவரே ஒரு பிழை விட்டார். தொழில் செய்யும் இடம் யாருடையது என்று படிவத்தில் ஒரு கேள்வி. சுபைறா தலையை நிமிர்த்தி, “மகள்ற ஊடு, சேர்” என்றாள். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. பெற்றவர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீட்டைக் கட்டி, கலியாணத்தோடு மகள் பேரில் எழுதிவிட்டுப் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். எழுதிக் கொடுத்த பிறகும் ‘என்ற ஊடு’ என்று சொல்லும் உம்மாவைப் பற்றி ஊர் என்ன கதைக்கும்? சுபைறாவின் பதிலில் கச்சி சேருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்.

டிசம்பர் நடுவில் தெரிவுக்குழு கூடியது. கணக்காளர் நேசராசா நல்ல மனிதர், ஆனால் சுற்றுநிருப விதிகளுக்கு வெளியே காலெடுத்து வைக்கமாட்டார்.

“இடம் சொந்தமில்லையே சேர். நாளைக்கு மகள் எழும்பச் சொன்னா, மெசினத் தூக்கிக்கொண்டு இவ எங்க போற?”

கச்சி சேருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழும்பி நின்றார்.

“இந்த மேசையில சொந்தப் பேர்ல ஊடு உள்ளவர் ஆரு? கைய உசத்துங்க பாப்பம்!”

ஒன்பது ஆண்கள். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் பேனை மூடியைத் தேடினார். ஒரு கையும் உயரவில்லை. மனைவி மேர்சியாவின் சீதன வீட்டில் இருபது வருடமாய் இருக்கும் நேசராசாதான் முதலில் சிரித்தார். ஆனால் சிரிப்பினால் சுற்றுநிருபம் மாறாது. கடைசியில் ஒரு வழி சொன்னார்: வீட்டுக்காரியின் கையெழுத்தோடு ஓர் அனுமதிக் கடிதம், இருபத்தொன்பதாம் திகதிக்குள். இல்லாவிட்டால் பணம் கொழும்புக்கு.

கச்சி சேர் மழையில் நனைந்து பாலமுனைக்குப் போனார். சுபைறா மா வறுத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“குடுத்த ஊட்டுல எனக்கு இடம் தா எண்டு கேக்கச் சொல்றீங்களா சேர்? மருமகன்ட காதுல உழுந்தா அவர் என்ன நினைப்பார்? மெசின் வேணாம். நான் மில்லுக்கே போறன்.”

பிறகும் இரண்டு தரம் போனார். அதே பதில்தான். இருபத்தெட்டாம் திகதி, சுபைறா ஹோட்டலுக்கு மா கொண்டுபோன நேரம் பார்த்து மகள் பஸ்மினாவிடமே போனார். பஸ்மினா சந்தோசமாகப் பேனையை வாங்கினாள். தட்டச்சடித்த கடிதத்தை வாசித்தாள். ‘எனது வீட்டில் தொழில் செய்வதற்கு எனது தாயாருக்கு அனுமதி வழங்குகிறேன்.’ பேனையைத் திருப்பி நீட்டினாள்.

“உம்மாக்கு நான் அனுமதி குடுக்கிறதா? இந்த ஊட்டக் கட்ட அவ ஏழு வருசம் சவூதியில இரிந்தவ சேர். இதுல கையெழுத்து வச்சா அல்லாஹ் என்னையக் கேள்வி கேப்பான்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கேட்க ஒருத்திக்கு வெட்கம். கொடுக்க மற்றவளுக்கு வெட்கம். நடுவில் ஒரு நாள்தான் மிச்சம். வேறு யாராவது என்றால் கச்சி சேர் சத்தம் போட்டிருப்பார். அன்றைக்கு அவருக்குக் கண்தான் கலங்கியது. அவரும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, மூத்தவளின் பின்னறையில் நஸ்லியாவோடு இருப்பவர். பிள்ளைகள் தங்கமானவர்கள். என்றாலும் முன் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை போட இரண்டு வருடமாய் ஆசைப்பட்டும் அவர் வாய் திறந்து கேட்டதில்லை.

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “அனுமதி வேணாம் மகள். உம்மாட்ட ஒங்களுக்கு என்ன சொல்லணுமோ அத எழுதுங்க. கீழ கையெழுத்து வைங்க.”

மறுநாள் நேசராசா அந்தத் தாளை வாசித்தார். “இது அனுமதி இல்லையே சேர்.”

“ஊட்டுக்காரிட கையெழுத்து இரிக்கா, இல்லையா?”

“இருக்கு.” நேசராசா இன்னொரு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

முப்பத்தோராம் திகதி காலையில் செயலக வாசலில் மெசின் வந்து இறங்கியது. யாரிடமும் இடம் கேட்கத் தேவையில்லை என்று கச்சி சேர் சொல்லியனுப்பிய பிறகே கையொப்பமிட வந்த சுபைறா, கோப்பில் மகளின் எழுத்தைக் கண்டு நின்றுவிட்டாள். விரலை வைத்து மெல்ல வாசித்தாள்.

‘உம்மா இந்த வீட்டில் ஒருத்தரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை. முன் விறாந்தையில் மெசினை வைத்துத் தொழில் செய்யும்படி உம்மாவிடம் நான்தான் கேட்டுக்கொள்கிறேன். உம்மா பின்னறையில் ஒதுங்கி இருப்பது எனக்குக் கவலை. இப்படிக்கு, பஸ்மினா.’

சுபைறா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கேட்ட இடத்திலெல்லாம் கையொப்பம் வைத்தாள். மெசினை லொறியில் ஏற்றிய பிறகும் போகாமல் நின்றாள்.

“சேர், அந்தக் கடுதாசில ஒரு கொப்பி தருவீங்களா?”

அலுவலகப் போட்டோக்கொப்பி மெசினுக்கு மை வாங்கும் ஒதுக்கீடு நவம்பரிலேயே முடிந்துவிட்டது. கச்சி சேர் தாளைப் பொலித்தீனுக்குள் வைத்து, மழையோடு மழையாய் எதிர்க்கடைக்கு ஓடினார். தன் காசில் இரண்டு கொப்பி எடுத்தார். ஒன்றைச் சுபைறாவிடம் கொடுத்தார். மற்றதை, வீட்டுக்குப் போய் நஸ்லியாவுக்கு வாசித்துக் காட்டவென்று, மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.