தாளுக்குக் கூடாரம், காலுக்குச் சேறு

மூச்சிரைப்புக்காகத்தான் போனேன். வயதான பிறகு வந்த ஆஸ்துமாவாக இருக்கும் என்று இலண்டன் லூயிஷாமில் உள்ள எங்கள் குடும்ப டொக்டர் நெஞ்சுநோய் கிளினிக்குக்கு அனுப்பியிருந்தார். ஸ்டீராய்ட் (வீக்கத்தை அடக்கும் மருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும்) தருவார்கள், பிறகு நின்று நின்று படி ஏற வேண்டியிராது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்த டொக்டர் தமிழ்நாட்டுப் பெண். என் இரத்தப் பரிசோதனையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. இயோசினோஃபில் (ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் கூடும் ஒருவகை வெள்ளை அணு) மிகவும் கூடியிருந்ததாம்.

"சார், உடம்புல எங்கயாவது அரிப்பு வருமா?"

நான் வாய் திறக்குமுன் என் மனைவி ரஞ்சி முந்திக்கொண்டாள். "வரும் டொக்டர். இடுப்புப் பக்கம் சிவப்பா ஒரு கோடு வரும். அது நகரும். ஒருக்கா அதின்ரை நுனியிலை பேனையாலை புள்ளி வைச்சுப் பாத்தனான். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தால் புள்ளியைத் தாண்டிப் போட்டுது. இவர் சோப் ஒத்துக்கொள்ளேல்லை எண்டுறார்."

டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார். "ஈர மண்ணுல வெறுங்காலோட நடந்திருக்கீங்களா? எத்தனை வருஷம் முன்னாடின்னாலும் பரவாயில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது.

நானும் நண்பன் கந்தசாமியும் இலண்டனில் தாவரவியல் படித்த காலத்தில், போர்னியோக் காட்டுக்குச் செடி சேகரிக்கப் போன ஒரு குழுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நாற்பது வருடம் இருக்கும். செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டுவோம். தினமும் தாள் மாற்ற வேண்டும். ஒருநாள் தவறினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ச்சலில் கிடந்தாலும் எழும்பித்தான் மாற்றினோம்.

மழை விட்டால்தானே. இருந்த ஒரே தறப்பாளைச் சட்டங்களுக்கு மேல் கட்டிவிட்டு நாங்கள் நனைந்துகொண்டு படுத்தோம். அடுப்பு மூட்டினால் முதலில் தாள் காயும், பிறகுதான் சோறு. சப்பாத்துகள் உக்கிப் பிய்ந்த பிறகு சேற்றில் வெறுங்கால்தான். கந்தசாமி என் காலில் அட்டை பிடுங்குவான், நான் அவன் காலில். குழுத் தலைவரிடம் முறையிட்டால், பழைய காலத்துச் சேகரிப்பாளர்களின் கதையை எடுத்துவிடுவார். கப்பல் உடைந்து பெட்டி பெட்டியாகச் செடிகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், காய்ச்சலில் விழுந்து காட்டிலேயே புதைக்கப்பட்டவர்கள். "நீங்கள் நனைந்தால் காய்ந்துவிடுவீர்கள், தாள் நனைந்தால் வந்ததே வீண்" என்பார்.

அதைவிட நல்ல காலம் என் வாழ்க்கையில் வரவில்லை. ரஞ்சிக்கும் இது தெரியும். கலியாண நாளன்று மட்டும் சொல்லாமல் இருப்பேன்.

அடுத்த பரிசோதனையில் பெயர் வந்தது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் (மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உள்ளே வரும் நுண்ணிய புழு). அது உடம்புக்குள்ளேயே பெருகி, ஒரு ஆயுள் முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கக்கூடியதாம்.

"இப்ப ஸ்டீராய்ட் குடுத்தா அது உடம்பு முழுக்கப் பரவிடும் சார். உயிருக்கே ஆபத்து. முதல்ல புழுவுக்கு மருந்து தர்றேன்."

"போர்னியோவிலை பிடிச்சதுதானே டொக்டர்?"

"அதைச் சொல்ல முடியாது. உங்க ஊர் யாழ்ப்பாணத்துலயும் பிடிச்சிருக்கலாம்."

போர்னியோதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே நடைகூடத்துக்கு வந்த பிறகுதான் திக்கென்றது. வட இலண்டன் எட்மண்டனில் இருக்கும் கந்தசாமி மூட்டு நோவுக்கு ஏதோ குளிசை எடுப்பதாகச் சொல்லியிருந்தான். அங்கேயே இருந்து ஃபோன் எடுத்தேன். அவன் குளிசைப் பெட்டியைப் பார்த்து வாசித்தான். ஸ்டீராய்ட்தான். எனக்குள் இருந்த புழுவைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் இல்லையடா. உனக்கு உன்ரை வீட்டுக் கிணத்தடியிலை பிடிச்சிருக்கும்" என்று பகிடி விட்டான்.

ரஞ்சி ஃபோனைப் பறித்தாள். "அண்ணை, நாளைக்கே போய் இரத்தம் குடுங்கோ. குளிசையை நீங்களா நிப்பாட்டவும் கூடாது, டொக்டரைக் கேளுங்கோ. போகாட்டி நான் அங்கை வாறன்."

அவளென்றால் அவனுக்குப் பயம். "ஓம் பிள்ளை, போறன்" என்றான்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் ஸ்டீராய்ட் எழுதித் தந்தால், வெறுங்காலுடன் நடந்த பழைய நாட்களை டொக்டருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எனக்கான மருந்து சில குளிசைகள்தான். விழுங்கினேன். மூச்சு மெல்ல மெல்ல இலேசாகியது. மாதங்கள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. இனி ஸ்டீராய்ட் தேவையில்லை என்றார் டொக்டர். ரஞ்சி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீடு காலியானது போலவும் இருந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தபோதும், மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்று நின்றபோதும், அந்தக் காட்டில் ஒரு துண்டு என் உடம்புக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. போர்னியோவை விட்டு வந்து நாற்பது வருடம் என்று எல்லோருக்கும் சொல்லிவந்தேன். உண்மையில் அந்தக் குளிசைகளை விழுங்கிய அன்றுதான் வந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பு, கந்தசாமியின் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பின்னேரம் அவனே ஃபோன் எடுத்தான்.

"எனக்கு ஒண்டும் இல்லையாம் மச்சான். புழுவே இல்லையாம்."

கண் கலங்கிவிட்டது. "நல்லதடா. பெரிய நிம்மதி" என்றேன்.

அவன் குரலில் நிம்மதியைக் காணவில்லை.

"நானும் உன்னோடைதானே நடந்தனான்" என்றான் கந்தசாமி.

"ஓம் மச்சான்" என்றேன். "நீயும்தான் நடந்தனீ."