அனந்தபுரத்திலிருந்து சிங்கவரத்துக்கு ஓர் ஆயில் இன்ஜின்

எஸ்யூவிக்குக் கொக்கி மாட்டியாகிவிட்டது, டிரெய்லரை இழுத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். எங்கே வேண்டுமானாலும் போங்கள். போவதற்கு முன் என் முதல் இழுவைப் பயணத்தைப் படித்துவிடுங்கள். அறுபத்தைந்தாம் வருடப் பங்குனியில் நடந்தது. அனந்தபுரத்திலிருந்து செஞ்சி ஒன்பது மைல், செஞ்சியிலிருந்து சிங்கவரம் இரண்டு மைல், அவ்வளவுதான் தூரம். பிறகு டிரெய்லரோடு இமயமலை அடிவாரம் வரை போயிருக்கிறேன், இந்த அளவுக்குப் பயந்ததில்லை.

சிங்கவரத்தில் என் நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) கிணற்றுப் பாசனத்தில் நெல். கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து, கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த ஜோடியில் ஒரு மாட்டுக்குக் கால் பிசகி, கட்டுத்தறியிலேயே படுத்துவிட்டது. நான்கைந்து நாளில் தண்ணீர் பாயவில்லையென்றால் மொத்தமும் பதர். வீட்டில் அந்த வருடத்துச் சோறே அந்த வயல்தான். அனந்தபுரத்தில் ஒருவர் பழைய ஆயில் இன்ஜின் தருவதாகச் சொன்னார். கொண்டுவர வண்டி இல்லை. கடலை மகசூல் நேரம், ஊரிலுள்ள வண்டியெல்லாம் மூட்டை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். என் கணவர் அந்தோணி, பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பெற்ற பிள்ளையைப்போல் கொஞ்சிக்கொண்டிருந்தார். நைனா அதில் ஒருநாள்கூட ஏறியதில்லை. அதில் என் கணவருக்கு உள்ளூர வருத்தம்.

"நான் ஜீப்புல இழுத்தாந்து தரேன் மாமா," என்றார்.

"மொதல்ல அது தானா வந்து சேருதான்னு பாக்கலாம் மாப்ள," என்றார் நைனா. நான் சிரித்துவிட்டேன். அதற்காக வீட்டுக்குப் போனதும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செஞ்சி கடைத்தெருவில் ரசாக் பாய் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று இருந்தது, ஜீப்பில்தான் கொக்கி இல்லை. என் கணவர் பம்பரைக் காட்டி, இதிலேயே ஒரு வளையம் ஒட்டிவிடுங்கள் என்றார்.

"பம்பர்ல மாட்டுனா பம்பர் மட்டுந்தான் கூட வரும் தம்பி. டிரெய்லரு ரோட்லயே நின்னுக்கும்," என்றார் பாய். உடைந்த லாரி ஒன்றிலிருந்து கழற்றிய கொக்கியை ஜீப்பின் சேசிஸில் கனமான தகடு கொடுத்து, நான்கு போல்ட் போட்டு முறுக்கினார். முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கோட்டை பார்க்க வந்த கூட்டம் ஒன்று, கோட்டையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தது.

போகும்போது காலி டிரெய்லர் தகர டப்பாவாகக் குதித்துக்கொண்டு வந்தது. அனந்தபுரத்தில் இன்ஜினை ஏற்றுவதற்கு ஆறு பேர் வேண்டியிருந்தது. எங்கே வைப்பது என்பதை, காலையிலேயே பஸ்ஸில் வந்து காத்திருந்த நைனா முடிவுசெய்தார். வாழ்நாளெல்லாம் மாட்டுவண்டி ஓட்டியவர். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தக்கூடாது, அதனால் பாரம் எப்போதும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் போகவேண்டும், அதுதான் அவர் கணக்கு. இன்ஜினை டிரெய்லரின் வால் பக்கம் தள்ளச்செய்து கயிறு கட்டினார். பிறகு முன்னால் வந்து, கொக்கியில் மாட்டவேண்டிய ஏர்க்காலை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா, பூவாட்டம் எழும்புது."

என் கணவருக்கும் பரம திருப்தி. புதுக் கொக்கிக்கு நோகாது என்று நினைத்தார். மாமனாரும் மருமகனும் முதன்முதலாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அது தப்பான விஷயமாக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

ஜீப்பில் இடம் இருந்தும் நைனா ஏறவில்லை. இன்ஜினைத் தனியாக விடமாட்டேன் என்று டிரெய்லரின் வாலில் சாக்கு போட்டு உட்கார்ந்துகொண்டார். (நீங்கள் இதைச் செய்யவே கூடாது. அன்று எங்களைக் கேட்பாரில்லை.) நான் ஜீப்பின் பின்பக்கம் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

பாதி வழிவரை நன்றாகத்தான் வந்தோம். ஏரிக்கரை மேல் ஏறி மறுபக்கம் சரிவில் இறங்கும்போது வேகம் கூடியது. டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இரண்டு பங்காயிற்று. ஒரு சக்கரம் கரையின் விளிம்பில் மண்ணைச் சரித்துவிட்டு மேலே ஏறியது. கீழே தண்ணீர். இன்ஜின் கட்டிய கயிறு நெகிழ்ந்து இன்ஜின் நைனா பக்கமாக அசைந்தது. இன்ஜின் போனால் வயல் போகும், நைனாவும் கூடப் போவார்.

"நைனா, அத வுட்டுட்டு இங்க வா," என்று கத்தினேன்.

அவர் இன்ஜின் மேலேயே தவழ்ந்து முன்பக்கம் வந்தார். எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் முன்னால் வந்ததும் ஆட்டம் குறைந்தது. அவர் வந்த பிறகுதான் குறைந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். "பிரேக்க வுடுங்க," என்றேன். பிரேக்கை விட்டார். ஜீப் தானாகத் தளர்ந்து சமதரையில் நின்றது. மூன்று பேரும் இறங்கினோம்.

"இன்ஜினையும் முன்னால தள்ளணும்," என்றேன்.

நைனாவுக்கு முகம் மாறிவிட்டது. "முன்பாரம் ஏத்தச் சொல்றியா? இழுக்கிறது இன்னாத்துக்கு ஆவும்? கழுத்து புண்ணாப் பூடும்."

"ஜீப்புக்குக் கழுத்து ஏது நைனா?"

"கழுத்து இல்லன்னா? பாரம் பாரந்தான?"

"கொஞ்சம் அழுத்துனாத்தான் மாமா அதுக்குப் புடிப்பு. வலிக்காது," என்றார் என் கணவர். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. அவரைக் கட்டிக்கொண்டது நல்ல முடிவுதான் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

பக்கத்து நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வந்து, கடப்பாரையால் நெம்பி, இன்ஜினை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்தது. நைனா அதைப் பார்க்க மாட்டாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பழைய ஜீப்புக்காக என் அப்பா பட்ட வேதனையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு நைனா ஜீப்பில் வந்து ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிங்கவரம் வரை ஆட்டமே இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேலேயும் இருக்கலாம், கொக்கியின் மேல் உட்கார வேண்டும். உங்கள் வண்டியின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கயிற்றை நம்பாதீர்கள், பட்டை போட்டு இறுக்குங்கள், ஐந்தாறு மைல் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். கொக்கிக்குத் துணையாக ஒரு சங்கிலி வேண்டும். வால் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். சரிவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மறுநாள் இன்ஜினைக் கிணற்றடியில் பொருத்தி, பாதி நாள் இருமவைத்த பிறகு ஓடியது. வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டதும் என் கணவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மடை திறந்து விடுவதற்குமுன் நைனா ஒரு வாளியை வாய்க்காலில் முக்கி எடுத்தார். எங்களுக்குக் குடிக்கத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் எங்களைத் தாண்டி, வேப்பமரத்தடியில் நின்ற ஜீப்பிடம் போனார்.

"இதுக்கு வாய் எங்க இருக்குது மாப்ள?" என்று கேட்டார்.

ரேடியேட்டர் காலையிலேயே ரொப்பியிருந்தது. என் கணவர் அதைச் சொல்லவில்லை. எழுந்து போய் மூடியைத் திறந்து பிடித்தார். நைனா ஊற்றினார். வாளித் தண்ணீர் முழுக்க வழிந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது.