உரிய மறுத்த மஞ்சள் தாள்

அவருக்குப் பசைக்காரர் என்றுதான் பேர். முப்பது வருஷம் சினிமா போஸ்டர் ஒட்டிய கை. மைதாவைக் கூழாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் நீலத் துத்தம் கலந்து அவர் ஒட்டிவிட்டால், மழையே தோற்றுப் போகும். "செவுரு விழுந்தாத்தான் என் தாள் விழும்" என்று டீக்கடையில் மார்தட்டுவார்.

நோய் வந்தது, தியேட்டரை மூடினார்கள். இரண்டு மாதம் சும்மா கிடந்தவரைச் சுகாதார ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். நோய் கண்ட வீட்டில் மஞ்சள் தாள் ஒட்ட வேண்டும். பதினாலு நாள் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது.

அதிகாரி சின்ன வயசுக்காரர். "பங்களாத் தெருவுல ஒட்டாதீங்க, பெயின்ட் போகுதுன்னு புகார் வருது. கேட்டுல கயித்தால கட்டிட்டு வந்துடுங்க. வரிசை வீடுங்கள்ல மட்டும் அழுத்தி ஒட்டுங்க. அங்கதான் கிழிச்சுப் போட்டுட்டு வேலைக்கு ஓடிடுறாங்க."

"கவலைய விடுங்க சார். நான் ஒட்டினதுல எவனும் நகத்தக்கூட விட முடியாது."

மூன்றாம் நாள் தங்கச்சி வீட்டு வரிசை வந்தது. ஒரு வீட்டில் காய்ச்சல். எல்லாருக்கும் ஒரே கக்கூஸ் என்பதால் வரிசை முழுக்கத் தாள் ஒட்டச் சொல்லி உத்தரவு. தங்கச்சி ஒண்டிக்கட்டை. அடுக்குமாடியில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்துத்தான் பிழைப்பு.

ஜன்னலில் நின்று கேட்டாள். "எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையேண்ணே?"

"உத்தரவும்மா. பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"கூடப்பொறந்தவளுக்காவது பசையக் கொஞ்சம் கொறச்சுப் போடேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. தொழிலென்று வந்துவிட்டால் தங்கச்சியாவது தம்பியாவது! நாலு மூலையிலும் இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். அடுத்த சந்துக்குப் போனபோது வாளி காலி. அங்கே கயிற்றால் கட்டிவிட்டு வந்தார். நாலு நாள் காற்றில் அதெல்லாம் பறந்து போனது.

பதினைந்தாம் நாள் யாரும் வரவில்லை. ஒட்டத்தான் உத்தரவு இருந்தது, உரிக்க உத்தரவு இல்லை. வேலைக்கு வருகிறவள் தன் வீட்டு வாசக் கதவில் தாள் இல்லை என்று படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்று அடுக்குமாடிச் செயலாளர் புதுச் சட்டம் போட்டிருந்தார். தங்கச்சி வெந்நீர் ஊற்றினாள், கத்தியால் சுரண்டினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். ரெண்டு நாள் கழித்து மஞ்சள் போனது, கதவின் பச்சை பெயின்டும் கூடவே போனது. தாள் இருந்த அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டம் நின்றது.

கேட்டில் வாட்ச்மேன் போனை வாங்கிப் பார்த்தார். "அக்கா, கட்டம் பளிச்சுன்னு தெரியுதே. நான் உள்ள விட்டா என் வேலையும் போயிடும்."

ஒரே வாரத்தில் மூன்று வீட்டு வேலையும், தாள் பறந்துபோன அடுத்த சந்துக்காரி ஒருத்திக்குப் போனது.

பார்க்க வந்த அண்ணனிடம் இதைச் சொல்லும்போது தங்கச்சி அழவில்லை. சந்தையில் காய் விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அவளுக்கு நெசமாவே காய்ச்சல் வந்துச்சுண்ணே. எனக்கு வரவேயில்ல."

"ம்."

"உன் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது."

குத்திக்காட்டுகிறாளா, பாராட்டுகிறாளா, அவருக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் உள்ளே போய்த் தைக்கவில்லை. கட்டத்தைத் தடவிப் பார்த்தார். ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"மேல ஒரு சினிமா போஸ்டர் ஒட்டி மறைச்சிடட்டுமா?"

"வேணாம்ணே. அதையும் நான்தான் சுரண்டணும்."

மறுநாள் காலையில் ஆபீஸில் மஞ்சள் தாள் புதுக் கட்டு கொடுத்தார்கள். பின்கட்டில் அடுப்பை மூட்டி, நாலு கை மைதா போடும் இடத்தில் ஒரு கை போட்டார். துத்தப் பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

அதிகாரி வாளியை எட்டிப் பார்த்தார். "என்னய்யா, பசை தண்ணியா இருக்கு?"

"மைதா கெடைக்கல சார். கடையெல்லாம் மூடிக் கெடக்கு."

"நிக்குமா?"

"பதினாலு நாள் நிக்கும் சார்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டார்.