விமானம் விழுந்த மலையில் ஒரு வாழை

கொஸ்லந்தைக்கு நான் போனது காட்சி பார்க்க அல்ல. சென்ற பங்குனியில், பதுளையில் நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் அலுவலகத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அவருடைய தந்தை இங்கே விமானம் ஓட்டப் பழகியவர். பயிற்சியின்போது, கற்றுக்கொடுத்த அதிகாரியோடு சேர்ந்து மலையில் மோதி இறந்துபோனார். அப்போது மகளுக்கு வயது ஒன்று. அப்பா எந்த இடத்தில் விழுந்தார், கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டிருந்தார். கடிதத்தில் தோட்டத்தின் பெயர் சரியாக இருந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் தோட்டம் என்று எது வந்தாலும் அது என் மேசைக்கு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விசாரித்து வரச் சொன்னார்கள். மறுத்துப் பேச எனக்கு வராது.

காலை 6.10க்குப் பதுளையில் பண்டாரவளை பஸ். பதினெட்டு மைல், ஒரு ரூபா எண்பது சதம். தெமோதரை வரை நின்றுகொண்டே போனேன். பண்டாரவளையில் 7.35. வெல்லவாய பஸ் 8.15க்கு என்றார்கள், வந்தது 9.05க்கு. அதுவரை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள முஸ்லிம் கடையில் பிளேன்டீ குடிக்கலாம். பெண் தனியாக உட்கார்ந்தால் முதலாளி உள்மேசையைக் காட்டிவிடுவார், கூச்சப்படத் தேவையில்லை. அப்புதளை, பெரகல என்று வளைவு வளைவாக இறங்கி, கொஸ்லந்தையில் கால் வைத்தபோது 10.50. எனக்கு முன் இருக்கையில் இருந்த குழந்தை இரண்டு தடவை வாந்தி எடுத்தது. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல் ஏற்றம். தோட்டக் கடைக்குக் கோதுமை மா மூட்டை ஏற்றிப்போன லொறிக்காரர் பாதியில் ஏற்றிக்கொண்டார். விமானம் விழுந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றதும் சிரித்தார்.

“மாப்பிள்ளைத் திட்டா? அப்ப சின்னையா அண்ணனப் பாருங்க. அவருதான் பொண்ணு வீட்டுக்காரரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

சின்னையா ஐம்பத்தைந்து வயதுக்காரர். மூச்சிரைப்பு வந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவருடைய மனைவி லெச்சுமி இன்னும் கொழுந்து எடுக்கிறார். விமானத்தில் வந்தவரைப் பற்றிக் கடிதம் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இருவரும் உடனே கிளம்பிவிட்டார்கள். சின்னையாவுக்காக நின்று நின்று நாற்பது நிமிடம் ஏறினோம். அட்டைகளைப் பிடுங்கிப் போட்டு எனக்குக் கை ஓய்ந்தது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு சிறிய சமதரையில், பத்துப் பன்னிரண்டு வாழைகள் கூட்டமாக நின்றன. அந்த மலையில் வேறு வாழையே இல்லை. குலை தள்ளினால் யாரும் தொடுவதில்லையாம், பறவைகளுக்குத்தான்.

நடந்ததைச் சின்னையா சொன்னார். அவர் அப்போது தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே பனி. சத்தம் கேட்டு ஓடினார்கள். ஒருவர் இறந்து கிடந்தார். இளையவருக்கு உயிர் இருந்தது. கம்பளியில் சுற்றி, லெச்சுமி அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். போத்தலில் இருந்த தேயிலைச் சாயத்தில் முந்தானையை நனைத்து வாயில் பிழிந்து விட்டார். அரை மணி நேரம் லெச்சுமியின் கையைப் பிடித்திருந்தவர், பிறகு விட்டுவிட்டார்.

பாதை மோசமானதால் ராணுவ லொறி மறுநாள் பகலில்தான் வந்தது. அதற்குள் லயத்தில் பேச்சு எழுந்தது. மீசைகூட அரும்பாத முகம், கல்யாணம் ஆகாமல் போன உயிர், அப்படியே விட்டால் அலையும் என்றார்கள். எங்களில் அப்படி இறந்தால் வாழைக்கன்றை மணப்பெண்ணாக வைத்துத் தாலி கட்டி அனுப்புவது வழக்கம். அதையே செய்தார்கள். மஞ்சள் கயிற்றை இறந்தவர் கையில் தொடவைத்து வாழையில் கட்டியது சின்னையா. சடங்கு முடிந்ததும் வாழையை வெட்டிவிட வேண்டும். ஆனால் லொறி வந்த பரபரப்பில் மறந்துபோனார்கள். அது வேர் பிடித்துவிட்டது. பின்னால் தோட்டத்தை நடத்த வந்த ஒரு துரை அதைப் பிடுங்கச் சொன்னபோது சின்னையா மறித்து நின்று, இரண்டு வாரம் வேலை இழந்திருக்கிறார்.

“அவருக்குன்னு இங்க இது ஒண்ணுதானேங்க இருக்கு” என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன், கடிதம் எழுதியது இறந்துபோனவருடைய மகள் என்று.

“மகளா?”

“ஆமாங்க. அவங்க அம்மாவும் இருக்காங்க.”

சின்னையா தரையில் உட்கார்ந்துவிட்டார். இறந்தவர் விரலில் மோதிரம் இருந்ததை அன்றைக்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களில் ஆணுக்கும் அதுதான் தாலி மாதிரி என்பது யாருக்குத் தெரியும்?

“கேட்டீங்களா கதைய” என்றார் லெச்சுமி. “முப்பத்தஞ்சு வருசமா ஒரு சக்களத்திக்கில்ல காவல் இருந்திருக்கீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சின்னையா எழுந்து இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். லெச்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு யாரயும் கேக்காம வச்சோம். இன்னைக்கும் யாரயும் கேக்காம வெட்டுறதா? அந்தம்மாவக் கேளுங்க.” என் பக்கம் திரும்பினார். “ஒண்ணையும் மறைக்காம எழுதும்மா. வெட்டவா, விடவான்னு கேளு.”

நான் அந்த அரை மணி நேரத்தையும் தேயிலைச் சாயத்தையும் மட்டும் எழுதுவதாகத்தான் இருந்தேன். வாழைக் கல்யாணத்தை ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் எனக்கு. பட்டம் வாங்கியும் அது போகவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

மாலை 3.40 பஸ்ஸைப் பிடித்து, பதுளை வந்தபோது எட்டாகிவிட்டது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கடிதம் எழுத மூன்று நாள் பிடித்தது. ஐந்து தாள்களைக் கிழித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன், கேள்வி உட்பட.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் கந்தோரில், அதாவது தோட்ட அலுவலகத்தில், அனுமதி கேளுங்கள். சவர்க்காரத்தை நுரைக்கவைத்துக் காலில் தடவிக்கொண்டால் அட்டை குறையும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பனி இறங்கிவிடும், அதற்குள் கீழே வந்துவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், லயத்தில் கொடுத்தால் மறுக்காதீர்கள். விமானத்தின் துண்டு எதுவும் அங்கே இல்லை. அதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

சென்ற வாரம் பதில் வந்தது. மகள் என் கடிதத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். மடியில் வைத்திருந்த பெண்ணின் பெயரைத் தாய் இரண்டு தடவை சொல்லச் சொன்னாராம். யுத்தம் முடிந்த இரண்டாம் வருடமே அவர் மறுமணம் செய்துகொண்டவர். ‘எனக்கு ஒரு துணை கிடைத்தது, அவருக்கும் இருக்கட்டும், வெட்ட வேண்டாம்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

இதைத் தபாலில் அனுப்பலாம். ஆனால் வேறு யாராவது வாசித்துச் சொல்லும்போது சின்னையா அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ தெரியவில்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன்.