ஓரகத்தி கொடுத்த பதினோரு முட்டைகள்

குரும்பகரத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டில் முதலில் என்னோடு ஒட்டிக்கொண்டவள் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் காலமானதும் சமையலைப் பிரித்துக்கொண்டோம். கொல்லை மட்டும் பொதுவாக இருந்தது. அவள் கீரை பறித்தால் பாதி எனக்கு வரும். நான் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அவளுக்குப் போகும்.

அக்காவுக்குக் கோழி என்றால் உயிர். அவளுடைய கோழிகள் எங்கள் தெருவிலேயே பெரியவை. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு துரை வீட்டில் சமைத்த குசினிக்காரர் வாரம் தவறாமல் சைக்கிளில் வந்து, முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளை அவளிடம்தான் வாங்கிப்போவார். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த கடைசி வருஷம் அது. எல்லையில் கெடுபிடி அதிகமாகி, வெளியூர்க் கோழி வருவது குறைந்திருந்தது. அதனால் குசினிக்காரர் அவளிடம் நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போவார். அவர் போன பிறகு வெகுநேரம் அக்காவின் முகம் மலர்ந்தே இருக்கும்.

அந்த மாசியில், பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த செங்கோழி அடைக்கு உட்கார்ந்தது. கூடையை விட்டு இறங்கவில்லை. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அது போட்ட முட்டைகளையெல்லாம் நான் ஏற்கெனவே சமைத்துத் தீர்த்திருந்தேன். தண்ணீரில் முக்கி, மூக்கில் இறகைக் குத்தி அடையைத் தெளிய வைப்பார்களே, அப்படிச் செய்யலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வாயில்லா ஜீவனை ஏன் வதைக்கிற? நான் முட்டை தர்றேன், வை" என்றாள்.

"பொரிச்சு வளந்துச்சுன்னா நானும் ரெண்டைக் குசினிக்காரருக்குக் குடுக்கட்டுமாக்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குண்டானைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் பதில் வந்தது. "தாராளமாக் குடு. எனக்கென்ன."

மறுநாள் காலையில் முந்தானையில் பதினோரு முட்டைகளைக் கொண்டுவந்தாள். எல்லாம் பளிச்சென்று இருந்தன. அடை வைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"கழுவினீங்களாக்கா?"

"எச்சம் ஒட்டியிருந்திச்சு, துணியால துடைச்சேன். என் சேவலு மிதிச்ச முட்டை. ஒண்ணுகூட சோடை போவாது, பாரு."

கூடையில் மணலும் உமியும் பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, கோழியை வைத்தேன். ஏழாம் நாள் முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துக் கரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கமில்லை. அக்காவே பார்த்தாள். அடுக்களைக் கதவின் ஓட்டை வழியே வந்த வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நரம்பு ஓடுது. இதுலயும் ஓடுது" என்று சொல்லிச் சொல்லி என் கையில் கொடுத்தாள். பதினொன்றுக்கும் சொன்னாள்.

இருபத்தோராம் நாள் விடிந்ததிலிருந்து கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கோழி நாளுக்கு ஒரு தடவை இறங்கி நாலு வாய் நொய் கொத்திவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். கொண்டை வெளுத்துவிட்டது. தூக்கினால் எலும்புதான் கையில் பட்டது.

இருபத்தைந்தாம் நாள் ஒரு முட்டையை எடுத்துப்போய்க் குப்பைக்குழி ஓரத்தில் உடைத்தேன். கூழாக ஒழுகும், நாறும் என்று மூக்கை மூடிக்கொண்டிருந்தேன். ஒழுகவில்லை. ஓட்டை உரித்தால் வெள்ளைக்கரு பழுப்பேறிக் கெட்டியாக இருந்தது. உள்ளே மஞ்சள்கரு உருண்டையாக நின்றது. எத்தனை முட்டை அவித்து உரித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இன்னொன்றை உடைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பதினொன்றையும் உடைத்தேன்.

என் கணவர் நகராட்சி ஆபீசான மேரியில் குமாஸ்தா. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவரைப் பத்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள் அக்கா.

"அண்ணி அப்படிச் செய்யமாட்டாங்க. எறிஞ்சிட்டுக் கையக் கழுவு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அக்காவிடம் நானே போனேன். உள்ளங்கையில் அதை வைத்து நீட்டி, "அக்கா, இது வெந்த முட்டை" என்றேன்.

"கூடை வெயில்ல இருந்திருக்கும்."

"ஏழாம் நாளு நரம்பு ஓடுதுன்னீங்களே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுளகில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உனக்கு உத்தியோகத்துல புருஷன் இருக்கான். நாலு பேரு மதிக்கிறாங்க. இந்த வீட்டுல என்னைத் தேடி வர்றவரு அந்த ஒருத்தருதான். அதுவும் உனக்கு வேணுமா?" என்றாள்.

"அத வாயால சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்கமாட்டேனேக்கா."

முட்டையை வேகவைத்ததைவிட, அந்த ஏழாம் நாள் வெயிலில் நின்று பதினோரு தடவை பொய் சொன்னாளே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் சந்தோஷப்பட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோழி வெறுங்கூடையில் உட்கார்ந்தே கிடந்தது. திருவேட்டக்குடியிலிருந்து வரும் மீன்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது இப்படியே செத்துப்போயிடுமே தாயி" என்றாள். இரண்டு நாள் கழித்து மீன் கூடைக்குள் துணி சுற்றி நான்கு குஞ்சுகளைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் அன்றைக்கு முன்தினம் பொரித்தவை. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றடியில் தள்ளினேன். உடம்பை ஒருமுறை அசைத்தது. பிறகு சிறகை அகட்டி நான்கையும் உள்ளே வாங்கிக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து கொண்டுபோயிற்று. மூன்று வளர்ந்தன. குசினிக்காரருக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. அந்த ஐப்பசியோடு துரையும் கப்பலேறினார். குசினிக்காரரும் வருவது நின்றுபோனது.

அதன்பிறகு அக்கா எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என் முதல் பிரசவத்தில் நாற்பது நாள் பத்தியச் சாப்பாடு போட்டவள் அவள்தான். நான் அவள் போட்டதைச் சாப்பிட்டேன். கூப்பிட்டால் பேசினேன். ஆனால் அவள் எது சொன்னாலும் எனக்குள் ஒன்று நின்று யோசித்தது.

குழந்தைக்கு ஒன்பது மாதம் இருக்கும். ஒருநாள் காய்ச்சல் கொதித்தது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்லு முளைக்கிற சூடு. சாயங்காலம் எறங்கிடும்" என்றாள். நான் வண்டி பிடித்துக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் ஈறைத் தடவிப் பார்த்து, பல் முளைப்பதுதான் என்றார். திரும்பி வரும் வழியிலேயே சூடு இறங்கிவிட்டது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். "நான் சொன்னதை நம்பலையா?" என்று கேட்டாள்.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டி உள்ளே போனேன்.