உப்புத்தாள்

"குழந்தை வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாதே?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். கையிலிருக்கும் கிலுகிலுப்பையை எடுத்து அவர்கள் எதிரிலேயே நக்கிக் காட்டுவேன். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். நம்மூர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டு பேருமே வாங்கிக்கொண்டு போவார்கள். அவ்வளவு திமிர் இருந்தது எனக்கு அந்த வேலையில்.

பழைய பிரெஞ்சு வீடுகளிலிருந்து வரும் மேசை, நாற்காலி, கதவுகளைப் புதுப்பித்து விற்கிற கடை அது. கூடவே மரப் பொம்மைகளும் செய்தார்கள். பொம்மைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் பெண்கள் வேலை. ஆறு வருஷம் செய்தேன். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் போடலாம். கடையில் டின்னில் கிடைக்கிற 'டபுள் பாயில்' எண்ணெய் சீக்கிரம் காய்வதற்காக மருந்து கலந்தது, அது பொம்மைக்கு ஆகாது. தேன்மெழுகு நல்லது. அரக்குப் பாலிஷும் நல்லது, ஆனால் ஸ்பிரிட் வாடை போகிறவரை கொடுக்கக் கூடாது. எண்ணெய் ஒரு கோட் போட்டால் மூன்று நாளாவது காயவிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது அரியாங்குப்பத்திலிருந்து நாத்தனார் ஒரு நடைவண்டி கொண்டுவந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா அவர். வண்டி அவர் மாமியார் வீட்டுச் சொத்து. ராசியான வண்டி என்று பெயர். அதைத் தள்ளின குழந்தை எதுவும் ஒரு வயதுக்கு மேல் தவழ்ந்ததில்லையாம். அதை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒரு குழந்தை நடந்ததும் அடுத்த குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகும். பழசாகக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கோட் பெயின்ட் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பார்கள். எங்களுக்குப் பளபளவென்று சிவப்பில் வந்தது.

பாப்பா நடப்பதற்கு முன்னால் கடிக்கத்தான் ஆரம்பித்தாள். பல் முளைக்கிற நேரம். கைப்பிடியில் பல் தடம் விழுந்து, சிவப்புக்கு அடியில் பச்சை தெரிந்தது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் நல்ல பாலிஷ் போடுகிறவள், என் பிள்ளை கண்ட பெயின்ட்டைத் தின்பதா? வண்டியை உரித்து, வெறும் மரமாக்கி, எண்ணெயும் மெழுகும் போடுவது என்று முடிவு செய்தேன். 'வேற வண்டி வாங்கிக்கலாமே' என்று வீட்டுக்காரர் கேட்டார். ராசியான வண்டி இருக்கும்போது புதிது எதற்கு என்று நான்தான் மறுத்தேன். ராசியும் வேண்டும், சுத்தமும் வேண்டும் எனக்கு.

ஐப்பசி மாதம், விடாத மழை. உப்பளம் என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்கு ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. வாசலில் உட்கார இடமில்லை. அதனால் உள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தேய்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சிவப்பு போனது, பச்சை போனது, நீலம் வந்தது, அதற்கும் கீழே நல்ல மஞ்சள். உண்மையைச் சொன்னால் ஆசையாக இருந்தது. எத்தனை குழந்தைகள் நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே தேய்த்தேன். பாப்பா பக்கத்தில் பாயில் இருந்தாள். தரையில் படிந்த மஞ்சள் பொடியில் இரண்டு கையாலும் தட்டித் தட்டி விளையாடினாள். கையை வாயில் வைத்தாள். முந்தானையால் துடைத்துவிட்டு, "மூஞ்செல்லாம் மஞ்ச பூசிக்கினியா மகாராணி" என்று கொஞ்சினேன்.

கடைக் கொல்லையில் ஆண்கள் பழைய கதவுகளின் பெயின்ட்டை உரிப்பதை ஆறு வருஷமாகப் பார்த்தவள் நான். தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் தேய்ப்பார்கள். ஈரத் துணியால் வழித்து, கவரில் கட்டிப் போடுவார்கள். எங்களை அந்தப் பக்கம் வரக் கூடாது என்று ஓனர் சொல்லியிருந்தார். கடை அழுக்காகக் கூடாதென்று அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஏன் என்று ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன பூச வேண்டும் என்பதெல்லாம் தெரியும். கிணற்றைப் பாதி தாண்டின கதை என்னுடையது.

மூன்று கோட் எண்ணெய், மேலே மெழுகு. முடிந்ததும் வழக்கம்போல நக்கிப் பார்த்தேன். பாப்பா ஆசை தீரக் கடித்தாள். நடக்கவும் நடந்தாள், ஒரு வயதுக்கு முன்பே.

தைப்பொங்கலுக்குள் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போக மாட்டாள். முகம் வெளுத்துப்போனது. 'ண்ணி', 'ப்பூ', 'க்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒவ்வொன்றாக விட்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம். திருஷ்டி சுற்றினோம். பெயின்ட்டை உரித்ததும் வண்டியின் ராசி போய்விட்டது என்றார் நாத்தனார். ராசியாம் ராசி, கண்ட விஷத்தையும் பூசிக் கொடுத்துவிட்டு என்று நான் பதிலுக்குக் கத்தினேன். அது எவ்வளவு சரியான வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா. ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். ஈயச் சொம்பில்தானே எல்லாரும் ரசம் வைக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அது வெள்ளீயம், இது காரீயம், பழைய பெயின்ட்டில் இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அடுத்த சோதனைக்குச் சீட்டு வாங்க வீட்டுக்காரர் வெளியே போனார். நான் நடைவண்டியைப் பற்றிச் சொன்னேன், நான் அதைச் சுத்தம் செய்ததையும் சேர்த்து. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பழைய பெயின்ட்ட எப்படிம்மா எடுத்தீங்க?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சன்."

"எங்க வச்சி?"

"வீட்டுலதான். மழைங்க."

"அப்ப பாப்பா எங்க இருந்தா?"

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடித்து உள்ளே போனது கொஞ்சமாகத்தான் இருக்கும், தூள்தான் மோசம் என்றார். மூச்சிலும் போகும், கைவழியாக வாயிலும் போகும். ரத்தத்தில் ஏறினதை மாத்திரை கொடுத்து இறக்கலாம், மூளைக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதைப் பிள்ளை வளர வளரத்தான் பார்க்க முடியும் என்றார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது அவரிடம் நான் சொன்னது ஒரே வரி: பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்ததாம். பொய் இல்லை அது. அவர் அங்கேயே, ஆஸ்பத்திரி நடையில் நின்று, அக்காவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினார். என் பிள்ளைக்கு விஷம் கொடுத்தாயே என்றார். நான் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

மாத்திரையை உடைத்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் துப்புவாள். மூக்கைப் பிடித்து ஊட்டினேன். டாக்டரம்மா சொன்னபடி தரையை ஈரத் துணியால் நாளைக்கு மூன்று தடவை துடைத்தேன். நான் சுத்தக்காரி என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். வண்டியை உடைத்துக் குப்பையில் போட்டதும் அவர்தான். பொம்மை வேலைக்கு நான் திரும்பப் போகவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டது. வயிற்று வலி நின்றுவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. மூன்று வயதில் நாலு வார்த்தைதான் சொன்னாள்.

அந்த வருஷம் ஒரு மதியம் நாத்தனார் வந்தார். போன் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பாப்பாவை மடியில் உட்காரவைத்து 'அத்தை சொல்லு, அத்தை சொல்லு' என்று ரொம்ப நேரம் கேட்டுப் பார்த்தார். அவள் அவர் வளையலையே உருட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிள்ளையை இறக்கிவிட்டு, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், என் காலைத் தொட வந்தார்.

"நாந்தாம்மா உன் புள்ளையக் கெடுத்துட்டேன். எந்த ஜென்மத்துல தீக்கப்போறனோ."

தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த நேரம் வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"விடுங்க அண்ணி. தெரியாம நடந்துபோச்சி. நான் எதையும் மனசுல வச்சிக்கல."

"உனக்குப் பெரிய மனசும்மா" என்றார்.

நான் உள்ளே போய் அவருக்குக் காபி போட்டேன்.