பெட்ரோல் எரியாமல் கார் கற்றுக்கொடுத்த கதை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வேலை என்பது அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, தன் உயிரைத் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. இத்தனை வருஷமாக எதிரே வருகிற பஸ்ஸையும் குறுக்கே வருகிற மாட்டையும் பார்த்தே பிழைப்பை ஓட்டிவிட்டேன். இப்போது கூடுதலாகப் பெட்ரோல் முள்ளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடாவது சில சமயம் விலகிப் போகும். முள் கீழே இறங்குவதைத் தவிர வேறொன்றும் அறியாது.

வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு இதில் புதிதாக நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? பங்க்கில் நிற்கும்போது லிட்டர் நொண்ட, ரூபாய் மட்டும் ஓடுவதைப் பார்த்து உங்கள் வயிறும் எரிந்திருக்கும். எரிந்த வயிறுகள் எல்லாம் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் ஸ்கூலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏசியும் வக்கீலும்

எங்கள் ஸ்கூல் தல்லாகுளத்தில் இருக்கிறது. முதலாளி கெட்டவர் இல்லை. பெட்ரோல் ஏறுகிற வேகத்துக்குப் பீஸை ஏற்றினால் ஆட்கள் அடுத்த தெரு ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். அதனால் மனிதர் வேறு வழியில் இறங்கினார். முன்பு பரவை தாண்டிப் போய்த் திரும்புகிற வண்டி இனி விளாங்குடியிலேயே திரும்பிவிட வேண்டும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் இன்ஜினை அணைக்க வேண்டும். ஏசி பொத்தானை யாரும் தொடக் கூடாது.

சித்திரை வெயிலில் ஒரு இளம் வக்கீல் கோர்ட்டிலிருந்து நேராகக் கறுப்புக் கோட்டோடு வந்து உட்கார்ந்தார். ஏசி கேட்டார். முதலாளியின் உத்தரவைச் சொன்னேன். வாதாடுவார் என்று பார்த்தால், கோட்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டார். மறுநாள் டையையும் காணோம். கடைசி நாள் கழுத்தில் ஈரத் துண்டோடு வந்து ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லைசென்ஸ் கிடைக்குதோ இல்லையோ மாஸ்டர், ரெண்டு கிலோ குறைஞ்சிருச்சு."

ருக்மணி அம்மா

ருக்மணி அம்மா வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். நாற்பத்தைந்து வயதிருக்கும். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரா குடும்பம். கணவர் கோவிந்தன் கதவைத் தள்ளித் திறக்கிற ஒரு பழைய பெட்ரோல் வேனில் சுங்குடிச் சேலையும் நைட்டியும் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்பார். இந்த அம்மாவும் கூடவே போய்ச் சேலையைப் பிரித்துக் காட்டுவார். சர்க்கரை வியாதி கோவிந்தனின் கண்ணைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

சம்பளத்துக்கு டிரைவர் போட்டுப் பார்த்தார்கள். பெட்ரோலும் சம்பளமும் சேர்ந்து லாபத்தை முழுங்கிவிட்டது. வேனை விற்றுவிடலாம் என்று கொழுந்தனார் ஆள் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். ஆடி மாதம் வண்டி வாங்கக் கூடாது என்று அந்த ஆள் சொன்னதால், ஆவணி பிறந்ததும் அட்வான்ஸ் என்று பேச்சு. அதற்குள் இந்த அம்மா லைசென்ஸ் எடுத்தால் வேன் வீட்டில் நிற்கும், இல்லையென்றால் போய்விடும். வியாபாரம் போகிறதே என்றுதான் அவருக்குக் கவலை என்று நினைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே விற்கலாமே என்று நான் புத்தி சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏவாரத்தை விடுங்கண்ணே. வண்டி போச்சுன்னா இவரு வீட்டு மூலையில உக்காந்துருவாரு. வாரத்துல ரெண்டு நாள் அந்த ஊர்க்காரங்க சத்தம் காதுல விழுந்தாத்தான் இவருக்குச் சோறு இறங்குது."

அதற்குப் பிறகு நான் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. கிளட்சைப் பற்றி மட்டும் சொன்னேன்.

காளவாசல் சிக்னல்

முன்பெல்லாம் சிக்னலில் ஆட்டோக்காரர்கள்தான் இன்ஜினை அணைப்பார்கள். இப்போது சிவப்பு விழுந்ததும் காளவாசலே அடங்கிவிடுகிறது. கார், பைக், ஸ்கூட்டி எல்லாம் மூச்சை நிறுத்திக்கொள்ள, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூடக் கேட்கிறது. ருக்மணி அம்மா இந்தப் பாடத்தை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றதும் கை தானாகச் சாவிக்குப் போய்விடும். கியர் போடத்தான் தடுமாற்றம், அணைப்பதில் ஒரு பிசகும் கிடையாது.

ஒருநாள் பச்சை விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினார்கள். எங்கள் வண்டி குலுங்கி நின்றது. மறுபடி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன் பிளந்தது. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் நின்ற பைக்காரர் மட்டும் ஹாரன் அடிக்கவில்லை. அவர் பைக்கும் கிளம்பவில்லை, உதைத்துக்கொண்டே இருந்தார். வியர்வையைத் துடைத்தபடி எங்கள் ஜன்னலில் குனிந்து என்னிடம் கேட்டார்: "அண்ணே, அணைக்க மட்டுந்தேன் சொல்லிக்குடுத்தீங்களா? கெளப்புறதுக்குத் தனிப் பீஸா?"

முருகேசனின் கார்

அந்த மாதம் அதே நேரத்துக்கு வருகிற இன்னொருவர் முருகேசன். சோழவந்தான் பக்கம். முன்பு அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிய குடும்பம், இப்போது சொந்தமாகக் கொடிக்கால் இருக்கிறது. சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் அப்பாவுக்கு ஒரு பழைய கார் வாங்கி அனுப்பியிருந்தாள். அவர்கள் தெருவுக்குள் வந்த முதல் கார் அதுதான். வந்த நாளிலிருந்து அது தார்ப்பாய்க்குள்தான் இருக்கிறது. பெட்ரோலுக்கு அவர் தனியாக எங்கே போவார்? அதனால் ஊரே கூடி ஒரு ஏற்பாடு செய்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு, தாலுகா ஆபீசுக்கு, கல்யாணத்துக்கு என்று ஒரே திசையில் நாலு பேருக்கு வேலை வந்தால்தான் கார் எடுப்பது. முதல் ஆள் சொல்லி வைப்பார், மற்றவர்கள் சேரும்வரை காத்திருப்பார். போகிறவர்கள் சேர்ந்து பெட்ரோல் போட்டுவிடுவார்கள். இப்போதைக்கு ஓட்டுவதற்கு மச்சான் ஒருவர் வருகிறார், அவருக்காகவும் காத்திருக்க வேண்டும், அதனால்தான் முருகேசன் கற்றுக்கொள்ள வந்தார்.

இதையெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்த ருக்மணி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "அப்ப கார் யாரோடதுன்னுதான் கேக்கணும்," என்று அம்மா சிரித்தார். முருகேசன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "காரு என் மகளோட பேர்ல இருக்கு தாயீ. பெட்ரோலு ஊரு பேர்ல இருக்கு."

பிரேக் இன்ஸ்பெக்டர்

ஆடி பாதி தாண்டியபோது டெஸ்ட் வந்தது. லைசென்ஸ் கொடுக்கிற மோட்டார் வாகன ஆய்வாளரை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். மைதானத்தில் ஒரு மேடு உண்டு. பாதி மேட்டில் நிறுத்தச் சொல்வார். அங்கே நின்று, பின்னால் உருளாமல் மறுபடி ஏறிவிட்டால் முக்கால் கிணறு தாண்டிய மாதிரி. ருக்மணி அம்மா அழகாக ஏறி, அழகாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். நான் ஓரத்தில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுதுகிறார், நேரமாகும் போல என்று இந்த அம்மா சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டார்.

மேட்டில் இன்ஜின் நின்றால் ஃபெயில். அவர் எழுதிவிட்டார். "ஆஃப் ஆகலை சார், நானாத்தான் ஆஃப் பண்ணேன். பெட்ரோல் விக்கிற விலையில சும்மா எதுக்கு ஓடணும்?" என்று அம்மா மன்றாடியது திறந்திருந்த ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. காளவாசலில் நான் போட்ட பாடம் மேட்டில் வந்து நின்றுவிட்டதே என்று எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்ஸ்பெக்டருக்கும் இரக்கம் வந்துவிட்டது, ஆனால் எழுதியதை அடிக்க முடியாதே. அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து இறங்கியபடி சொன்னார்: "வண்டி நின்னதுக்கு அழுதவங்களைப் பாத்திருக்கேன்மா. நிப்பாட்டிட்டு நியாயம் கேட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

வாயால் ஓடிய வேன்

ஃபெயிலானவர்களுக்கு டெஸ்ட் அன்று வண்டி உண்டு, இடையில் ஓட்டிப் பழகுகிற ரவுண்டு கிடையாது. இதுவும் முதலாளியின் பெட்ரோல் சட்டம்தான். மனது கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். சந்துக்குள் நுழையும்போதே வண்டிச் சத்தம் கேட்டது. ஆனால் புகை இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் வேன் நின்றுகொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கில் ருக்மணி அம்மா. பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து கோவிந்தன் வாயால் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டில்லை, பாடம். வேனுக்குப் பெட்ரோல் போட்டு ஓட்டிப் பழக வழியில்லை. அந்த வண்டியின் குரல் அவருக்கு அத்துப்படி. அவர் குரல் ஏறினால் அம்மா அடுத்த கியருக்குப் போக வேண்டும். குரல் திணறினால் கியரைக் குறைக்க வேண்டும். கிளட்சைச் சட்டென்று விட்டால், அது அவர் காதுக்கே தெரிந்துவிடும், இருமிவிட்டு நின்றுபோவார். மேடு வந்ததும் ஒரே தாளத்தில் உறுமிக்கொண்டே இருந்தார். அம்மாவின் கை சாவிக்குப் போனது, வளையல் குலுங்கியது. அவர் உறுமலை விடாமலே தடவிப் பார்த்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூப்பிடாமல் அப்படியே நின்றேன். குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செத்த இருங்க, சமயநல்லூர்கிட்ட வந்துட்டாங்க. காலையிலயே ஒருக்க சோழவந்தான் போயிட்டு வந்தாச்சு."

மறுபடியும் மேடு

ஆடியின் கடைசி வாரம். அதே மேடு, அதே இன்ஸ்பெக்டர். பாதியில் நிறுத்தச் சொன்ன நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. எடுத்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ருக்மணி அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. அவர் போனை வைத்து "போலாம்" என்றதும் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல் மேட்டில் ஏறியது. பாஸ்!

கொழுந்தனாரிடம் அன்றே சொல்லிவிட்டார்கள். அவரும் வாங்க வந்த ஆளை அனுப்பிவிட்டார். ஆனால் மைதானத்தை விட்டுக் கிளம்புமுன் ருக்மணி அம்மா இன்ஸ்பெக்டரிடம் போய், கும்பிட்ட கையோடு இதைச் சொல்லாமல் இருக்கவில்லை: "அடுத்தாப்ல யாரையாச்சும் மேட்டுல நிப்பாட்டினா, போனை மட்டும் இறங்கி நின்னு பேசுங்க சார். புண்ணியமாப் போகும்."

சந்து வாசலில்

லைசென்ஸ் கைக்கு வந்து முதல் பயணம். முதல் நாள் மட்டும் பின்னால் உட்கார்ந்து வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். விடிந்ததும் நானும் அந்த அம்மாவும் போய்ப் பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, துணி மூட்டைகளையும் கோவிந்தனையும் ஏற்ற வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் இரண்டு சிக்னல். இரண்டிலும் அம்மா மறக்காமல் இன்ஜினை அணைத்தார்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. கோவிந்தன் வெள்ளைச் சட்டையில், சீவிய தலையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மெல்ல இறங்கி, கையை நீட்டி நீட்டி வந்து, வண்டியின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். அது அவர் கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பழக்க தோஷத்தில் நான்தான் பின்னாலிருந்து எட்டிச் சாவியைத் தொடப் போனேன். ருக்மணி அம்மா என் கையைத் தட்டிவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஓடட்டும்ண்ணே. இம்புட்டு நாளா அவரு வாயாலதான கேட்டாரு. காதால கேக்கட்டும்."

பெட்ரோல் விலையைக் குறைக்க உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது, நம் வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தில் நின்றபடி எரிந்த பெட்ரோலை வீண் என்று எங்கள் முதலாளியே வந்து சொன்னாலும், அவரைக் காளவாசலில் இறக்கி நடக்க விட்டுவிட்டுத்தான் நான் வண்டியை எடுப்பேன்.